மார்த்தாவின் சளிப் பரிசோதனை முடிவு

அவைக்குத் தலைமை தாங்கும் அமிர்தநாயகம் ஆசிரியர் அவர்களே! ஆசி தந்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! எருக்கலம்பிட்டியிலிருந்து வெயிலையும் பாராமல் வந்திருக்கும் பெரியவர் அப்துல் ஹமீட் அவர்களே! கட்டுக்கரை வயல்களை விட்டு வந்த உழவர் பெருமக்களே! சுண்ணாம்புக்குச் சிப்பி சுட்டுச் சிவந்த கண்களோடு முன்வரிசையில் இருக்கும் என் தாய்மாரே! உங்கள் அனைவருக்கும் தலைதாழ்த்தி வணக்கம் சொல்லுகிறேன். தலைநிமிர்ந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

நான் லூசியா. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவில் தாதியாக இருந்தவள்.

மார்த்தாவை உங்களுக்குத் தெரியும். மீன்பிடிக்கும் எமிலியானுஸின் மனைவி. இந்தக் கரையில் உள்ள சுண்ணாம்புச் சூளையில் பதினெட்டு ஆண்டுகள் விறகு தள்ளியவள். ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்ததில்லை. ஆனால் புகைபோக்கி இல்லாத சூளைக்கு அவளுடைய நெஞ்சுதான் புகைபோக்கி!

எழுபத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் மூச்சிரைக்க வந்தாள். எக்ஸ்றே எடுத்தோம். சளியில் கிருமி வளருமா என்று பார்க்க அனுப்பினோம். முடிவு வர எட்டு வாரம். அதற்குள், ‘காசநோய்ச் சந்தேகம்’ என்று சுகாதாரப் பரிசோதகருக்குக் கடிதம் போனது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, தெருவே பார்க்க அவள் வாசலில் இறங்கி விசாரித்தார்.

பின்னால் நிற்கும் தம்பி, “ஆர் எழுதினது?” என்று கேட்கிறீர்கள். நான்தான் தம்பி. இந்தக் கைதான்.

அன்று மாலையே, காசநோயைக் கசம் என்னும் நம் ஊர், அவள் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது என்றது. கோயிலில் அவள் அமர்ந்த வாங்குப் பலகையில் வேறெவரும் அமரவில்லை. மகள் எடித்துக்குப் பேசி முடித்த கல்யாணம் ஒரு கிழமைக்குள் நின்றது. சூளைக்குப் புகைபோக்கி கட்டச் சொல்லிப் பெண்கள் போய்க் கேட்டபோது முதலாளி என்ன சொன்னார்? “கசக்காரி ஒருத்தி இருமினா, அதுக்கு என்ர சூளையோ காரணம்?” என் சந்தேகம் அவருக்குச் சாட்சியானது!

எட்டு வாரத்தில் முடிவு வந்தது. காசநோய் இல்லை. நான் வாசித்தேன். கோப்பில் வைத்தேன். கோப்பை அலுமாரியில் வைத்தேன். சந்தேகத்தைச் சொல்ல மோட்டார் சைக்கிள் ஓடியது. இல்லை என்று சொல்ல ஒரு கால்கூட நடக்கவில்லை. அவளே மறுபடி வருவாள், அப்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். கசம் என்ற பெயரோடு தெருவைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வர அவள் கூசியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லையே!

முடிவு வந்து ஐந்து மாதம் கழித்து வந்தாள். உதடு நீலம். வைத்தியர் சிவராசா கதிரையை இழுத்து அவளருகே அமர்ந்தார்.

“அம்மா, உங்களுக்குக் கசம் இல்லை. புகை நெஞ்சுக்குள்ள போனா, கிருமி வந்திட்டுதெண்டு நினைச்சு வெண்குருதிக் கலங்கள் ஓடிவரும். அதுகளிட்ட புரதத்தைக் கரைக்கிற நொதியம் இருக்கு. கிருமியைக் கொல்லத்தான் அது. அதை மட்டுப்படுத்தவும் உடம்பில ஒரு பொருள் இருக்கு. நாள் முழுக்கப் புகை குடிச்சா அந்தப் பொருளும் பழுதாப்போகும். பிறகு நொதியம் நுரையீரலின்ர நாரையே கரைச்சுப்போடும். இறப்பர் மாதிரிச் சுருங்கி மூச்சை வெளியில தள்ளுற நார் அது.”

மார்த்தா தன் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப என்ர உடம்புதான் என்னைத் தின்னுதோ ஐயா?”

“ஓம் அம்மா. ஆனா ஏவிவிட்டது புகை.”

“கரைஞ்சது திரும்பி வருமோ?”

“வராது அம்மா. புகையை விட்டு விலகியிருந்தா, மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஐஞ்சு மாசத்துக்கு முந்தியே விலகியிருக்க வேணும்.”

ஐந்து மாதம்! அந்த ஐந்து மாதமும் அவள் சூளையில்தான் நின்றாள். ஊர் ஒதுக்கியவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? என் பக்கம் திரும்பினாள். “மிஸ்ஸி, எனக்குக் கசம் இல்லையெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?”

பொய் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. “சித்திரையில தெரியும்” என்றேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசுவதற்கும் மூச்சு வேண்டுமே! மார்கழியில் அவள் இறந்தாள். பெட்டி தூக்கவும் ஆட்கள் தயங்கினார்கள். கசமாம்!

உடம்பு தன்னைத்தானே தின்றது பாவமா? அது அறியாமல் செய்தது. அறிவுள்ள நாம் செய்தோமே, அதற்கு என்ன பெயர்? முதலாளி புகையால் தின்றார். ஊர் ஒதுக்கித் தின்றது. நான் வாயை மூடித் தின்றேன்!

தாய்மாரே, இரண்டு ஆண்டு பிந்தி அந்த முடிவை இன்று வாசிக்கிறேன். கேளுங்கள்: “மார்த்தா எமிலியானுஸ். வயது நாற்பத்தாறு. சளியில் காசநோய்க் கிருமி இல்லை.” ஒலிபெருக்கியைச் சூளைப் பக்கம் திருப்புங்கள் தம்பி, இன்னொரு தரம் சொல்லுகிறேன். இல்லை! இல்லை! இல்லை!

முன்வரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருமுகிறீர்கள். புகைபோக்கி எழும்வரை நாளை முதல் எவரும் விறகு தள்ளுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். உங்கள் நெஞ்சு பற்றி எங்கே சாட்சி சொல்லவேண்டுமோ, அங்கே நான் வருவேன்.

பேசவிட்ட தலைவருக்கும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. எனக்குக் கைதட்டவேண்டாம். எமிலியானுஸ் அண்ணன் அந்த மதிலோரம் தனியே நிற்கிறார். கலைந்து போகும்போது அவரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். வணக்கம்.