மூத்த இளவரசியின் ஒட்டுமீசை

பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேதி போடத் தெரியாது. மீதிப் பேர் தேதியைப் போட்டுவிட்டு விஷயத்தை மறந்துவிடுவார்கள். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் தையல்காரர் முதல் வகை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மேடம். ஒன்பது வரிக் கடிதத்தில் பதினோரு எழுத்துப்பிழை. அதைப் படித்துவிட்டு என் தங்கை தூக்க மாத்திரையை விழுங்கி உயிரை விட்டாள் என்று நீங்கள் நம்பினீர்களே, இந்த வழக்கில் என்னால் தாங்க முடியாதது அது ஒன்றுதான்.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிற காவலரும் அவசரப்பட வேண்டாம். பத்தி பிரிக்க வேண்டிய இடத்தை நானே சொல்லிவிடுவேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடமாக மருந்துக் கடையில் வேலை. தங்கை என்னைவிட ஒன்பது வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தது, அவளுக்கு வந்த இரண்டு வரன்களையும் விசாரித்து வேண்டாம் என்று அனுப்பியது எல்லாம் நான்தான். இரண்டாவது ஆள் நல்லவர் என்று பிற்பாடு ஒருமுறை சொன்னாள். இருக்கலாம். எனக்கு அவர் நடை பிடிக்கவில்லை.

அவள் வீட்டிலிருந்து கதை எழுதினாள். அவள் கையெழுத்து, கோழி நடந்த மண் மாதிரி இருக்கும். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தையும் படியெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவது என் பொறுப்பு. உலகத்திலேயே அவளுடைய முதல் வாசகி நான். கருத்து மட்டும் யாரும் கேட்டதில்லை.

அந்தத் தொடர்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடி மலைக்கு அப்பால் ஒரு மந்திரவாதி ராஜாவைச் சிறை வைத்திருக்கிறான். அவருடைய இரண்டு பெண்கள் ஆண்வேடம் போட்டுக்கொண்டு மீட்கப் புறப்படுகிறார்கள். இளையவள் வாள்வீரன். காற்றில் பறப்பாள், புலியோடு பேசுவாள். மூத்தவள் குதிரைக்காரன். அவளுடைய ஒட்டுமீசை வாரம் ஒருமுறை கழன்று விழும். கஞ்சியில் விழும், காவலன் மடியில் விழும். தூங்கப் போகும்முன் சாவிக்கொத்தை மூன்று தடவை எண்ணுவாள். தங்கை எங்கே போனாலும், "சொல்லிட்டுப் போ, சொல்லாம போகாதே" என்று பின்னாலேயே ஓடுவாள்.

சாவியை நான் இரண்டு தடவைதான் எண்ணுவேன்.

ஒரு நாள் கடையில் இருமல் மருந்துக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, சிரிப்பும் இருமலுமாகக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மீசைக்காரி இருக்காளே, எங்க நாத்தனாரே தோத்தா போங்க!" என்றாள். நானும் சிரித்தேன். வாடிக்கையாளரோடு சிரிப்பது எங்கள் கடை வழக்கம்.

அன்றைக்கு மதிய இடைவேளையில் முதல் கடிதத்தை எழுதினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கடிதம். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, நீல மை. 'மூத்த இளவரசியின் தியாகத்தை ஆசிரியர் இன்னும் கொஞ்சம் கவனிக்கலாமே' என்று பணிவாகத்தான் கேட்டிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை பத்திரிகையிலிருந்து கடிதக் கட்டு வந்தது. தங்கை அதைப் பிரித்துப் படித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, இந்தப் பெரியவர் என்னமா எழுதியிருக்காரு பாரேன்! என் கதையை இப்படி ஒருத்தர் படிப்பாருன்னு நான் நெனைக்கவே இல்ல."

"நல்லா எழுதியிருக்காரு" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

இரண்டு வாரத்தில் மூத்த இளவரசி ஒரு முதலையைக் கொன்றாள். நீங்கள் ஏதாவது எழுதி, அது நடந்ததுண்டா, மேடம்? உங்கள் வேலையில் அது தினமும் நடக்கும். எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஒரு நர்ஸ் எழுதினாள். ஒரு கல்லூரி மாணவி, புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், ஒரு ரயில்வே ஊழியர், இன்னும் இரண்டு பேர். தலைமையாசிரியரோடு மொத்தம் ஏழு பேர். ஏழு மை, ஏழு கையெழுத்து. புதுப்பெண்ணுக்கு எப்போதும் ஜலதோஷம். ஏழு பேரும் ஒரே விஷயத்தில் ஒற்றுமை: மூத்தவள் இல்லாவிட்டால் இளையவள் இல்லை. தலைமையாசிரியர் மட்டும் ஒரு தபால் பெட்டி எடுத்துக்கொண்டு, தங்கையோடு நேரடியாகவே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார்.

அவர்கள் கேட்டபடியெல்லாம் தங்கை மாற்றினாள். மீசை விழுவது நின்றது. மூத்தவள் படை நடத்தினாள், நீதி சொன்னாள், நான்கு பக்கம் அறிவுரை வழங்கினாள். அப்போதுதான் தையல்காரர் எழுதினார், பிழைகளோடு: 'இந்த மீசைகாறி வாயை மூடுவாளா மாட்டாளா, கதை செத்து போச்சி, நிருத்துங்கள்.'

தங்கை அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இவர் சொல்றதுதான்க்கா நிஜம். எல்லாரும் கேக்கறாங்களேன்னு மாத்தினேன். கதை என் கையை விட்டுப் போயிடுச்சு."

"ஒரு தையல்காரன் சொல்றதுக்காகவா ஏழு பேரை ஒதுக்குவே?"

"ஏழு பேர்னு எப்படிக்கா உனக்குத் தெரியும்?"

"நீ படிச்சதும் எல்லாத்தையும் அடுக்கி வைக்கறது நான்தானே" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அந்த வாரம் தபால் பெட்டியில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்கு மனப்பாடம். 'ஐயா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பத்திரிகை அலுவலகத்திலேயே வேலை தருகிறார்கள். அடுத்த மாதம் அந்த நகரத்துக்குப் போகிறேன். என் அக்கா நல்லவள். ஆனால் அவள் இருக்கும் வீட்டில் என்னால் முழுதாக மூச்சு விட முடியவில்லை. அவளிடம் இதை எப்படிச் சொல்வது?'

தலைமையாசிரியர் மிகவும் வருத்தப்பட்டார். போகாதே என்று எழுதினார். நன்றி கெட்டவள் என்று எழுதினார். எழுத்தே உனக்கு வராது, அக்காவின் படியெடுப்பில்தான் அது கதையாகிறது என்றும் எழுதினார். பெரியவர்களுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். தங்கைக்குத் தூக்கம் போயிற்று. கண்ணைச் சுற்றிக் கருப்பு விழுந்தது. ஆனாலும் பதில் போட்டாள்: 'மன்னியுங்கள் ஐயா. இது ஒன்றில் மட்டும் வாசகர் பேச்சைக் கேட்கப் போவதில்லை.'

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புது அத்தியாயத்தைப் படியெடுக்கக் கொடுத்தாள். இரண்டு சாலை பிரிகிற இடத்தில் இளைய இளவரசி குதிரையை விட்டு இறங்குகிறாள். அக்காவைக் கட்டிக்கொள்கிறாள். வேடத்தைக் கலைத்துவிட்டு, முதல் தடவையாகத் தன் முகத்தோடு தனியாக நடக்கிறாள். நன்றாகவே இருந்தது. அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று இப்போது சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

"தலை வலிக்குதுக்கா. கொஞ்ச நேரம் தூங்கினா தேவலை" என்றாள்.

பழச்சாற்றில் மாத்திரையைக் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவில் தவறு நடந்திருக்கலாம் என்று உங்கள் டாக்டர் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். பதினெட்டு வருடத்தில் நான் அளவில் தவறியதே இல்லை. கடை முதலாளியையே கேட்டுப் பாருங்கள்.

முழுவதையும் குடித்துவிட்டு, "எழுந்ததும் உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்க்கா. கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"முதல்ல தூங்கு. அப்புறம் சொல்லலாம்" என்றேன். போர்வையைச் சரிசெய்தேன். மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அவளுக்குத் தனியாக இருக்கப் பயம், சின்ன வயதிலிருந்தே.

தலையணைக்குப் பக்கத்தில் தலைமையாசிரியரின் கடைசிக் கடிதத்தைத்தான் வைத்தேன். ஆறு பக்கம். யாருடைய மனமும் உடையும். உங்கள் ஆட்கள் மூன்று வாரம் தேடி, அந்தத் தலைமையாசிரியர் கிடைக்கவில்லை என்றதும், கடிதக் கட்டிலிருந்து முகவரி இருக்கிற ஒன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாளிதழில் அவர் கடிதம் முழுசாக வந்தது, பிழையோடு. 'ஒரு எழுத்தாளரைக் கொன்ற வரிகள்' என்று தலைப்பு வேறு. நானும் பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அதற்காகத்தான் நானே வந்தேன்.

தொடர்கதை நின்றுவிடவில்லை. அவளுடைய குறிப்புகளை வைத்து என்னையே முடித்துத் தரும்படி பத்திரிகையாசிரியர் கேட்டுக்கொண்டார். சாலை பிரிகிற அத்தியாயத்தை அனுப்பவில்லை. வேறு எழுதினேன். மூன்று வாரம் வந்திருக்கிறது. இளையவளுக்கு நோய் கண்டு, அக்கா மடியிலேயே நிம்மதியாகக் கண்மூடினாள். மூத்தவள் தனியாகக் கண்ணாடி மலையைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள்.

பாராட்டி நான்கு கடிதம் வந்திருக்கிறது. நான்கும் நான் எழுதியதுதான், மறைப்பானேன். ஆனால் அந்த நர்ஸின் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதக் கட்டிலிருந்து பிரித்துப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். தங்கையைப் பறிகொடுத்த ஒருத்தியின் மனதை இவ்வளவு புரிந்துகொண்டு யாருமே எனக்கு எழுதியதில்லை.