பவர் பட்டனில் ஒரு பொட்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். முன் சீட்டு அம்மா, மடியில் கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்திருந்தார். பக்கத்துப் பெண் விசாரித்தாள்.

"அதுக்கு என்னங்க ஆச்சு?"

"ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டுதாங்க ஆச்சு. ஆன் பண்ணா, முழுசா வர்றதுக்குள்ள அணைஞ்சுடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பொழைப்பு. முகூர்த்த சீசன்ல உசிரே போயிடுச்சு."

"பொட்டு என்னங்க பண்ணும்?"

"பவர் பட்டன் மேலயே சந்தனத்தை அப்பிட்டேன். அது காஞ்சு இறுகி, அமுக்கின பட்டன் வெளியவே வரல. விடாம அமுக்கினா அணைஞ்சுடுமாமே!"

காவிரிப் பாலம் முடியும்வரை இருவரும் சிரித்தார்கள்.

"இனிமே பொட்டே வைக்க மாட்டீங்க."

"நல்லா இருக்கே! சுத்தம் பண்ணிக் குடுத்த ரிப்பேர் கடைக்காரரே, வெறும் நெத்தியோட அனுப்ப மனசு வரலைன்னு புதுசா ஒண்ணு வெச்சு விட்டாரு. பட்டனை விட்டுத் தள்ளி."