திருப்பதிக்குப் போன என் தபால்

ஓடுகிறோம். இடுப்பில் மகள் ரோஜா. முதலில் விசிலடிப்பது போல ஒரு சத்தம். பிறகு தரை குலுங்குகிறது. "படு! படுத்துக்கோ!" பின்னாலிருந்து கணவர் கத்துகிறார். படுத்தேன். அடுத்த குண்டு எங்கள் இட்லிக் கடைமேல் விழுந்தது. புகை விலகியது. "நைனா!" என்று ரோஜா அப்பாவைக் கூப்பிட்டு அலறினாள். அவர் எழவில்லை.

வடக்கே எல்லையோர ஊர் அது. பிழைக்கப் போன இடம். அவரை அங்கேயே எரித்தோம். சாம்பலோடு திருப்பதியில் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தோம்.

கருமாதிவரை நான் உள்ளறையை விட்டு வரக் கூடாது. எங்கள் வழக்கம் அது. கொழுந்தனார் கதவிடுக்கில் ஒரு தாளை நீட்டினார்.

"அண்ணி, சித்தூர்ல உங்கம்மா வீட்டுக்கு வர்ற உங்க தபாலெல்லாம் இங்கயே வரட்டும். கையெழுத்து போடுங்க."

போட்டேன். எவ்வளவு நல்ல மனசு என்று அழக்கூடச் செய்தேன்.

கருமாதி முடிந்தது. மகளோடு சித்தூருக்கு வந்துவிட்டேன். தபால்காரர் தினமும் போகிறார். பக்கத்து வீட்டில் நிற்கிறார். எங்கள் வாசலில் நிற்பதில்லை. முதலில் அவர்மேல்தான் சந்தேகப்பட்டேன். வழிமறித்தேன்.

"என்னை ஏங்க்கா முறைக்கிறீங்கோ? உங்க தபாலு திருப்பதிக்குப் போய்க்கினு இருக்குது. நீங்கதான எழுதிக் குடுத்தீங்கோ? கோர்ட்டு ரிஜிஸ்டர் தபாலுகூடப் போச்சே!"

கோர்ட்டா?

விசாரித்தேன். ரோஜாவை வளர்க்கும் உரிமை கேட்டுக் கொழுந்தனார் வழக்குப் போட்டிருக்கிறார். என் முகவரி என்று சித்தூரைத்தான் கொடுத்திருக்கிறார். சம்மன் சித்தூர் வந்து, திரும்பி, அவர் வீட்டுக்கே போயிருக்கிறது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நான் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு: ரோஜா அவருக்கு.

நான் தேடிப் போன வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தபாலைத் திருப்பச் சொல்லி எழுதினது நீ. அது செல்லும். ஆனா உன்மேல கேஸ் போட்டவனே உன் சம்மனை வாங்கிக்கினா, உன் கைக்கு வந்ததா ஆவுமா?"

அன்றே தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அந்த மாற்றலை ரத்து செய்தேன். கோர்ட்டும் தீர்ப்பை விலக்கியது. வழக்கு முதலிலிருந்து நடக்கிறது. கோர்ட்டு வராந்தாவில் கொழுந்தனார் சிரிக்கிறார். "தெரியாம நடந்துபோச்சு அண்ணி." ரோஜாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

போனவற்றைச் சொல்கிறேன். என் கணவர். அன்று கடையில் இட்லி தின்றுகொண்டிருந்த லாரி ஓட்டுநர்கள் இருவர். கடை. குண்டுச் சத்தத்தில் செவிடாகிப்போன என் வலது காது. சொந்தக்காரர் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்திடும் நம்பிக்கை.

மகள் இன்னும் இந்தக் கணக்கில் இல்லை.