மரியாதை அறை

சத்தம் போட்டுப் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கல்யாணமான புதிதில் என் மனைவி, "உப்பு வேணும்னு கேக்கறதுக்குக்கூட மனு போடற மாதிரி பேசுறீங்களே" என்று சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். இப்படிப்பட்ட ஆளை, கூப்பிடுவதே வேலையாக இருக்கும் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்கலாம், மேடம். நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன்.

எங்கள் டயாலிசிஸ் மையம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். நடப்பது அரசாங்கப் பணத்தில். அரசாங்கப் பணம் வந்தால் கூடவே அரசாங்கச் சட்டமும் வரும். இனம், மதம், மொழி, உடற்குறை என்று எதைக் காட்டியும் ஒருவரை ஒதுக்கக் கூடாது. ஒதுக்கினால் பணம் நின்றுவிடும். இதைக் கவனிக்க ஓர் ஆளை நியமிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்த அன்று, இங்கே வெட்டியாக இருப்பது யார் என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வரவேற்பு மேசையில் நான் இருந்தேன். பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததிலிருந்து எனக்கு 'சமத்துவம் சார்' என்று பெயர். கிண்டல்தான். ஆனாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வேன்.

அந்தப் பயிற்சியில் மதியம் ஒரு வகுப்பு இருந்தது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்திவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது, காது கேட்காதவரையும் வெறும் குரலால் கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்று தள்ளுவதும் பாரபட்சம்தான் என்று அதில் விளக்கினார்கள். சாப்பாட்டு மயக்கத்தில் தூங்கிவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். தூங்கவில்லை. எழுந்து நின்று கேள்வி கேட்டுக் கைதட்டலும் வாங்கினேன்.

உடல் ஊனமுற்றவர்களுக்கு வசதி செய்துகொடுக்கத் தனியாகக் கொஞ்சம் பணம் வந்தது. கூடத்துச் சுவரில் பெயர் ஒளிரும் பலகை ஒன்று மாட்டலாம் என்றார் தலைமை நர்ஸ். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பலகை புகைப்படத்தில் எடுபடாது. அதற்குப் பதிலாக, பொருட்கள் அடைந்துகிடந்த ஒரு மூலை அறையைக் காலி செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்து, சாய்வு நாற்காலிகள் வாங்கி, மரியாதை அறை என்று பெயர் வைத்தேன். பார்வையற்றவர், காது கேட்காதவர், நடக்க முடியாதவர் எல்லோருக்கும் அங்கேதான் இடம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு நாற்காலியில் சாய்ந்து பார்த்துவிட்டு, "எனக்கே எழுந்திருக்க மனசு வரல சார்" என்றார். மேடையேற்றி எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அன்று நான் பேசிய நன்றியுரை முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லையாம்.

எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். இடம் கிடைத்தவர்களுக்கு நாள் குறித்திருக்கும். இடம் கிடைக்காதவர்கள், யாராவது வராமல் போனால் நமக்குக் கிடைக்குமே என்று கூடத்தில் காத்திருப்பார்கள். மேசையிலிருந்து நான் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவேன். வராவிட்டால் காத்திருப்பவர்களில் முதல் ஆள் உள்ளே போகலாம். இதில் விதிவிலக்கே கிடையாது. மரியாதை அறைக்குள் குரல் போகாது என்பதால், அங்கே இருப்பவர்களை நானே போய்க் கதவைத் திறந்து கையசைத்து அழைத்து வருவேன். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, என் மச்சானுக்குச் சிறுநீரகம் பழுதாகும் வரை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். "தம்பிக்கு ஏதாவது வழி பண்ணுங்களேன்" என்று மனைவி அழுதாள். "சொந்தக்காரனுக்குச் சிபாரிசு பண்றது என் சுபாவத்துலயே இல்ல" என்றேன். உண்மைதான், இன்றுவரை நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் மற்றவர்களைப் போலவே காத்திருக்க வந்தான். காலையில் மையத்தைத் திறக்கும் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்ததால் தினமும் முதல் ஆளாக இருந்தான். ஒரே வீட்டில் இருப்பவனை நடந்து வரச் சொல்வதா?

நாள் குறித்திருந்த நோயாளிகளில் ஒருவர் தையல்காரம்மா. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காலையில் மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். என்னை முதன்முதலில் பார்த்ததும், என் சட்டைத் தோள் தொங்குகிறது என்று சைகையில் சொல்லிச் சிரித்தவர் அவர். மரியாதை அறை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், கண்ணாடிக் கதவில் வெயில் அடிக்கிறதென்று அளவெடுத்து, நீலத்தில் ஒரு திரை தைத்துக்கொண்டு வந்து தானே மாட்டினார். காசு வாங்கவில்லை. திரைக்குப் பிறகு அறைக்குள்ளிருந்து கூடம் தெரியாமல் போயிற்று. அதை நான் கேட்கவில்லை, மேடம், அவராகவே செய்தது.

முதல் தடவை சத்தியமாக மறந்துதான் போனேன். தையல்காரம்மாவின் பெயரை மேசையிலிருந்தே மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். யாரும் வரவில்லை. மச்சான் எழுந்து உள்ளே போனான். அன்று ராத்திரி அவன் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான். என் மனைவி எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, என் மறதியில்கூட ஏதோ நல்லது இருக்கிறது என்று தோன்றியது.

அதற்குப் பிறகு மறக்கவில்லை. வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தமாக வேண்டிய உடம்பு தையல்காரம்மாவுடையது. ஒரு முறை தவறினால் முகம் வீங்கும், தொடர்ந்து தவறினால் மூச்சு முட்டும். மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் இது தெரியும். ஆகவே ஒரு தடவை நானே போய் அழைத்து வருவேன், அடுத்த தடவை மேசையிலிருந்து கூப்பிடுவேன். அவர் பக்கத்தையும் யோசித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள் ஒருநாள் வந்து, அம்மாவை ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்டாள். "கூப்பிட்டோம்மா, மூணு தடவ கூப்பிட்டோம். அம்மா கவனிக்கல போல" என்றேன். அவள் என் எதிரிலேயே தாயைத் திட்டினாள். விரல்களாலேயே திட்டினாள், ஆனாலும் திட்டு என்று புரிந்தது. தையல்காரம்மா பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, என்னைப் பார்த்து மன்னிக்கச் சொல்லிக் கை காட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றே அவருடைய நாற்காலிக்கு ஒரு தலையணை வாங்கிப் போட்டேன்.

தலைமை நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. "சார், போய்த் தோளத் தொட்டுச் சொன்னா போதுமே. நான் பண்றேன்" என்றார்.

"ஒருத்தரத் தொட்டுக் கூப்பிட்டா, மத்தவங்க எங்களுக்கு ஏன் இல்லன்னு கேப்பாங்க. அது பாரபட்சம் ஆயிடும் சிஸ்டர்."

"அவங்களுக்குக் காது கேக்காது சார்."

"அதுக்குத்தான் ஏசி ரூம் கொடுத்திருக்கோம்" என்றேன். தனிச்சலுகை காட்டினால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். சொன்னது சமத்துவம் சார் அல்லவா, அவர் வாயை மூடிக்கொண்டார். என் பேச்சுக்கு ஒருவர் அடங்கியது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரம் மச்சானுக்கு உடம்பு மோசமாகிவிட்டது. தையல்காரம்மாவும் முந்தைய முறை தவறியிருந்தார். காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்த மகள், "சார், அம்மாவுக்கு உதட்டப் பாத்தா புரியும். இன்னிக்கு ரூமுக்குப் போகாம உங்க முன்னாடியே நிக்கச் சொல்லிருக்கேன்" என்றாள். "நல்ல யோசனம்மா. நீ தைரியமா வேலைக்குப் போ" என்றேன்.

அவள் தெருமுனை திரும்பியதும், இழுப்பறையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் முகக்கவசம் போடுவது குற்றமில்லையே.

தையல்காரம்மா எதிரில் நின்றார். முகம் வீங்கிக் கண்கள் இடுங்கியிருந்தன. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, துணிக்குப் பின்னால் என் உதடு இருக்க வேண்டிய இடத்தையே பார்த்தார். அவர் பெயரை மூன்று முறை சொன்னேன். எந்த அழைப்பையும் விடவில்லை. மச்சான் எழுந்து எங்கள் இருவரையும் தாண்டி உள்ளே போனான். அவர் புருவத்தை உயர்த்தி, நானா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு கையைப் பிடித்து மரியாதை அறைக்கு நானே அழைத்துப்போய், தலையணையைச் சரிசெய்து உட்கார வைத்து, கூப்பிடுகிறேன் என்று சைகை காட்டினேன். நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். ஏசி வீணாகக் கூடாதென்று கதவைச் சாத்தினேன். மதியம் நர்ஸ் திறந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. ஏசியால்தான் என்று சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் ஏசியை அணைத்துவிட்டார்.

காலியான இடம் முறைப்படி காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போயிற்று. உறவினர் என்பதால் நான் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கிக்கொண்டேன். அந்த விஷயத்தில் நான் கறார். மச்சானுக்கு எதுவும் தெரியாது. அவனுக்கு இப்போது முகத்தில் களை வந்திருக்கிறது. என் மனைவிக்கு நேற்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். கேட்டபிறகு அவளும் சத்தம் போடவில்லை.

தெரிந்தே செய்தேன், மேடம். ஒவ்வொரு முறையும் தெரிந்தே செய்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பாரபட்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர்.