செவ்வாய்க் கிரகத்தில் வெறுங்கால்

பிள்ளைகளே, சாத்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள். தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகள் அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள்.

“செவ்வாய்க் கிரகத்துச் சண்டைக்கு ஆள் கூப்பிடுற மாதிரி ஒரு போஸ்டர் வரைஞ்சேம்மா. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு. அதுல வெடிமருந்து கலக்குற பொம்பளைய வெறுங்காலோட வரைஞ்சிட்டேன். பூட்ஸ் எங்கன்னு அந்த விளையாட்டு செய்யிற வெளிநாட்டுக் கம்பெனியில கேட்டுட்டாக.”

“ஏத்தா, ஒனக்கு மொத ஆர்டராச்சே! போச்சா?”

“மருந்து ரூமுக்குள்ள செருப்புப் போட்டா தீப்பொறி பறந்துரும், எங்கம்மா வெறுங்காலோடதான் நிப்பாகன்னு எழுதிப் போட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னாக?”

“விளையாட்டுல மருந்து ரூமுக்குள்ள போற அம்புட்டுப் பேரு பூட்ஸையும் கழட்ட வச்சிட்டாக!”

“ஆத்தாடி! செவ்வாய்லயுமா?”

அந்த அம்மா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.