கமேலியா ஏன் பூக்கவில்லை

கமேலியாவுக்கு வாசம் கிடையாது. இது தெரியாமல் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தை மறைக்க இலையைத் தடவிக் கொடுக்கிறவர்கள் நிறைய பேர். செடிக்கு வைத்தியம் பார்க்கிற நீங்களே சற்றுமுன் அதைத்தான் செய்தீர்கள். தப்பில்லை. வாசம் வேண்டுமென்றால் வாசலோரம் டாஃப்னிச் செடி இருக்கிறது. ஆள் கண்ணில் படமாட்டாள், மணம் மட்டும் தெருமுனை வரை போகும். மதிலோரம் மஞ்சளாகத் தலையாட்டுவது டாஃபடில். புல்லுக்குள் ஊதாவாக எட்டிப் பார்ப்பது குரோக்கஸ், போகும்போது மிதித்துவிடாதீர்கள். குளிர் விடைபெறுகிற இந்த மூன்று வாரமும் எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணக் களை வந்துவிடும். கமேலியா மட்டும்தான் ஆறு வருஷமாக உம்மென்று நின்றது.

நீங்கள் பூதக்கண்ணாடியை வைத்துக் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் செடியை யாரும்மா பார்த்துக்கிறது?" என்று கேட்டீர்கள். நான்தான். உங்களை வரச்சொன்ன என் தங்கச்சி ஆபீஸிலிருந்து வர ஐந்தரை ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் முப்பத்தைந்து வருஷம் துணி தைத்தவள். தங்கச்சிக்குப் பதிவு அலுவலகத்தில் வேலை. ஊரில் யார் கல்யாணம் செய்துகொண்டாலும் அவள் கையெழுத்து இல்லாமல் செல்லாது. சொந்த விஷயம் என்று வந்தால் மட்டும் அவளுக்கு முடிவெடுக்க வராது. செருப்புக் கடையில் கறுப்பா பழுப்பா என்று ஒரு மணி நேரம் நிற்பாள், கடைசியில் என் முகத்தைப் பார்ப்பாள். நான் கறுப்பு என்பேன். நாற்பத்திரண்டு வயது வரை அப்படித்தான் போனது. நன்றாகவே போனது.

பிறகு கண்ணாடிக்காரர் வந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி தவறிப்போய்விட்டாள், மகன் வெளியூரில். தங்கமான மனுஷர், அதை நான் மறுக்கவே மாட்டேன். தங்கச்சி தன் கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொள்ளப் போனாள். அந்தத் திருகு அதே மாதத்தில் நாலு தடவை கழன்றது. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கமேலியாத் தொட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து, சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டார். தங்கச்சி காது வரை சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அந்த நேரம் பார்த்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். என் முகம் கிடைக்காததால் அவள் செடியைப் பார்த்தாள்.

"இது பூக்கட்டும். பூக்கிற அன்னைக்குப் பதில் சொல்றேன்" என்றாள்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஏழு மொட்டு இருக்கிற கன்றாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்.

கொத்துக்கு ஒரு மொட்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினால் பூ பெரிதாக வரும் என்று நர்சரியில் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாததா. நானும் செடி நன்றாக வரட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த 'ஒன்றை விட்டுவிட்டு' என்கிற இடத்தில் கை கொஞ்சம் தாண்டிவிட்டது. நூல் முனையைக் கிள்ளிப் பழகிய நகம், என்ன செய்ய. மறுவருஷம் பதினொன்று. அதற்கடுத்த வருஷம் இருபதுக்கு மேல். உருண்டையாக இருப்பது பூமொட்டு, கூராக இருப்பது இலைமொட்டு என்று அதற்குள் கை பழகிவிட்டது. இலைமொட்டு ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. நீங்களே பார்த்தீர்களே, செடி எவ்வளவு செழிப்பு.

மூன்றாவது வருஷம் என் பிறந்தநாளுக்குக் கண்ணாடிக்காரர் எனக்கும் ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். அருமையான கண்ணாடி. இலையிடுக்கில் மிளகு மாதிரி ஒளிந்திருந்த மொட்டெல்லாம் அதைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. தொழில் தெரிந்தவர் என்றால் அவர்தான்.

தங்கச்சி சும்மா இருக்கவில்லை. மண்ணை மாற்றினாள். வெயில் படுகிற பக்கமாகப் பெயர்த்து நட்டாள். குழி தோண்டியது நான். டீத்தூளைக் கொட்டினாள், காபித்தூளைக் கொட்டினாள், பனி விழுந்தால் தன் சால்வையைக் கொண்டுபோய்ப் போர்த்தினாள். ஐந்தாவது வருஷம் ஒருநாள் கையெல்லாம் மண்ணாக வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் என் கைராசி அக்கா. நான் தொட்டா எதுவும் விளங்காது" என்றாள்.

அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, நகக்கண்ணில் இருந்த மண்ணையெல்லாம் எடுத்து, அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று தேற்றியது யார்? நான்தான். அக்கா என்று ஒருத்தி இருப்பது வேறு எதற்கு?

ஆறாவது குளிர்காலம் முடிகிற நேரத்தில் கண்ணாடிக்காரர் வந்தார். கடையை விட்டுவிட்டு மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். தோட்டத்தைச் சுற்றி எல்லாம் பூத்துக் கிடந்தது. இருவரும் இலையெல்லாம் பச்சைப்பசேலென்று, ஒரு பூகூட இல்லாமல் நின்ற கமேலியா முன்னால் நின்றார்கள்.

"ஆறு வருஷம் பார்த்துட்டேன். செடிக்கு இஷ்டமில்லை போல" என்றார்.

தங்கச்சி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் கையில் டீத் தட்டு இருந்தது, டீ ஆறிக்கொண்டிருந்தது. கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு சிரமப்பட்டிருக்கவே வேண்டாம். ஒரு மாதத்தில் அவளே வெளியே தள்ளியிருப்பாள். நல்லவராகப் போய்விட்டதுதான் தொல்லை.

இந்த வருஷம் நான் செடியைத் தொடவில்லை. தொட வேண்டிய வேலை இல்லையே. அது ஆறு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துப் பூத்துத் தள்ளிவிட்டது. தங்கச்சி பூவைப் பார்த்து மனம் தேறுவாள் என்று நினைத்தேன். அவளோ முதல் பூ விரிந்த அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குக் கடிதம் எழுதினாள். போனில் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலே வரி. பூத்துவிட்டது, சொன்ன பேச்சு மாறமாட்டேன், என் பதில் சரி என்பதுதான், நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால். இப்படி. யாரையும் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு. கையெழுத்துகூடக் கோணவில்லை.

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. தினமும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "ஏதாவது வந்துச்சா அக்கா?" என்று கேட்கிறாள். ஒன்றும் வரவில்லை என்கிறேன். வராததை வரவில்லை என்பதில் பொய் எங்கே இருக்கிறது? இப்போது அவளுக்குப் புதுச் சந்தேகம். இத்தனை வருஷம் செடிக்கு ஏதோ நோய், தான் கவனிக்காமல் விட்டோம், அதனால்தான் அந்த மனுஷருக்கு மனம் கசந்துவிட்டது என்று. அதற்குத்தான் உங்களை வரச்சொன்னாள். ஒவ்வொரு வருஷக் கிளையிலும் பிறை பிறையாக நகத்தழும்பு இருக்கிறது என்று நீங்கள் எழுதத்தான் போகிறீர்களா? பனி என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது. ஒரு சொல்தான் வித்தியாசம்.

நோட்டை மூடிவிட்டீர்கள். சரி, உங்கள் இஷ்டம். ஆனால் என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நான் அவள் வழியில் குறுக்கே நின்றவள் இல்லை. தபால்பெட்டி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது, மறுநாள் காலையில் ஆபீஸுக்கு அவசரமாக ஓடியதால் அவள் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. ஒரு தடவை பிரித்துப் படித்ததோடு சரி. திரும்ப ஒட்டியதுகூடத் தெரியாது. இதோ, தையல் மிஷின் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. மழை விட்டதும் நானே கொண்டுபோய்ப் போடத்தான் போகிறேன். மையில் எழுதியது, நனைந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே பாழாகிவிடும்.

ஜன்னல் பக்கம் ஏன் பார்க்கிறீர்கள்? வெயில் அடிக்கத்தான் செய்கிறது. பன்னிரண்டு நாளாக அடிக்கிறது. எனக்கென்னவோ இதை நம்பத் தோன்றவில்லை.