பக்கத்து இருக்கை

கேம்பல் பே போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள். ஒருவர் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் குட்டி விமானம் கட்டிக்கொண்டிருப்பவர். மற்றவருக்குப் பருத்த உடம்பு.

"இந்த ப்ரொபெல்லரைப் போட்டா நீ இறங்கிக்கணும் மச்சான்," என்றார் விமானக்காரர், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி. என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"அரே, ஏன்டா?"

"வேகத்துக்கு ஏத்த மாதிரி இதுல ப்ளேடு தானாத் திரும்பிக்கும். இன்ஜின் ஒரே சீரா ஓடும், ஜம்முனு மேல ஏறும். ஆனா கனம். மரத்துல செஞ்சது லேசு. மெதுவாத்தான் ஏறும்."

"நான் தொப்பையைக் குறைச்சுக்கறேன்."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து குறைச்சுக்கிட்டுதான் இருக்கே."

பருத்தவர் சிரிக்கவில்லை. "ஸ்கூல் படிக்கிறப்பவே பக்கத்து சீட்டு எனக்குன்னு சொன்னியே."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. விமானக்காரர் கைபேசியில் இருந்த ப்ரொபெல்லர் படத்தை இன்னொரு முறை ஆசையாகப் பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டார்.

"டீக் ஹை. மரத்துல செஞ்சதையே மாட்டறேன். மெதுவாப் போகுதுன்னு பொலம்பக் கூடாது."

"மெதுவாவே போ. பத்துபஸ்தில, ஏர்போர்ட் பக்கத்துல, எங்க பழைய வீட்டு மேல இன்னும் மெதுவாப் போ. ப்ளேன் வர்றப்பல்லாம் கூரையேறிக் கையாட்டுவோமே, அந்தத் தகரத்தை ஒரு தடவை மேலயிருந்து பாக்கணும்."